ஸபரில் தோழர்கள்

விடுமுறை வந்துவிட்டால் நம் ஊர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வேனை அமர்த்திக்கொண்டு புறப்படுவது வழக்கமாகிவிட்டது. கடலூரில் ஏறி, சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால் வழியாக நாகூர் போய்த் திரும்புகிறார்கள். சாப்பாடு எங்கே, தேநீர் எங்கே என்பதெல்லாம் முன்பே பேசி முடிக்கப்படுகிறது. லுஹர் எங்கே, அஸர் எங்கே என்று கேட்பவர்தான் இல்லை. "முஸாபிருக்குத்தான் சலுகை இருக்கிறதே" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் மௌனமாகிவிடுவார்கள்.

அந்தச் சலுகை தொழுகையைச் சுருக்குவதற்கே தவிர, விடுவதற்கல்ல. பயம் நீங்கிய பின்னும் ஏன் சுருக்குகிறோம் என்று ஹஜ்ரத் உமர் (ரலி) கேட்டபோது, இது அல்லாஹ் உங்களுக்கு அளித்த தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகும். சுபுஹும் மஃரிபும் குறைவதில்லை. தூரத்திற்கும் அளவு உண்டு. ஹனஃபி உலமாக்கள் 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் என்பார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா. 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர்தான். சிதம்பரம் வரை மட்டும் போகிறவர் முழுமையாகவே தொழ வேண்டும். நாகூருக்குப் போகிறவர் அதே சிதம்பரத்தில் சுருக்கித் தொழலாம். உள்ளூர் இமாமைப் பின்பற்றி ஜமாஅத்தில் சேர்ந்துவிட்டால் அவருக்கும் நான்குதான்.

இனி, ஒரே வேனில் கடலூர் ஹனஃபியும் பரங்கிப்பேட்டை ஷாஃபிஈயும் இருப்பார்கள். நம் பகுதியில் இது சகஜம். ஷாஃபிஈ தோழர் சிதம்பரத்திலேயே லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிடுவார். அவருக்கு அது ஆகும். ஹனஃபி தோழருக்கோ ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர ஜம்உ இல்லை. அவருடைய அஸர் வக்து வருவதும் சற்றுத் தாமதமாகத்தான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டையையும் கடலையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வக்து வந்துவிடும். அப்போது, "எங்களுக்குத்தான் முடிந்துவிட்டதே, உமக்காக இன்னொரு முறை நிறுத்தவா?" என்று முகம் சுளிக்கிறார்கள். கோட்டையைப் பார்க்க ஒரு மணி நேரம் நிற்கும் வேன், ஒரு தோழரின் இரண்டு ரக்அத்துக்காகப் பத்து நிமிடம் நிற்கக் கூடாதா? அவரும் கூச்சப்பட்டுப் பேசாமலிருந்து கழாவாக்கிவிடுகிறார். அந்தப் பாவத்தில் தமக்கும் பங்குண்டா என்பதைச் சுளித்த முகங்கள் யோசிக்கட்டும்.

நம் பிள்ளைகளில் சிலர் வெளிநாட்டில் வேலை பார்த்து, தோழர்களுடன் காரில் ஸ்பெயின் வரை சுற்றி வருகிறார்கள். குர்துபாவின் பெரிய பள்ளிவாசல் 1236 முதல் கிறிஸ்தவ தேவாலயமாக இருக்கிறது. தூண்களைப் பார்க்கலாம், தொழ அனுமதியில்லை. வெளியே வந்து இடம் தேட வேண்டும். நமக்கோ வழியெங்கும் பள்ளிவாசல்கள், ஹவுள் நிறையத் தண்ணீர்!

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளும்படி ஹதீஸ் பணிக்கிறது. வேன் கிளம்புமுன் இதைச் செய்யுங்கள். பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவும், வக்து வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லவும் தயங்காத ஒருவராக இருக்கட்டும். ஆனால் அமீர் என்றால் முன்னிருக்கை அவருக்கே சொந்தம் என்பதல்ல. பத்ருக்குச் சென்றபோது ஓர் ஒட்டகத்துக்கு மூவராக முறை வைத்து ஏறினார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் முறை நடப்பதாக வந்தபோது, தோழர்கள் இருவரும் தாங்களே நடப்பதாக வேண்டினார்கள். அவர்கள் இசையவில்லை, தமக்கும் அந்த நன்மை தேவை என்று கூறி நடந்தார்கள்.

ஓட்டுநரையும் மறந்துவிடக் கூடாது. திரும்பும் இரவில் நாம் தூங்கிவிடுகிறோம். அவருக்கு அது முடியாது. அமீர் விழித்திருந்து, கொள்ளிடம் பாலம் தாண்டியதும் சிதம்பரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லட்டும். ஓட்டுநர் தேநீர் குடித்துக் களைப்பாறுவார். நாம் இஷாவை அங்கேயே இரண்டு ரக்அத்தாகத் தொழுதுகொள்ளலாம். கடலூர் எல்லைக்குள் வந்துவிட்டால் நான்கு.