'வல்லவ'னை நான் எப்போது விரும்பினேன்?

கடந்த தீபாவளிக்கு மறுநாள் என் தம்பிக்கும் என் மகனுக்கும் பெரிய வாக்குவாதம். முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, 2006இல் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யோகி பி அண்ட் நட்சத்ராவின் 'வல்லவன்'.

தம்பிக்கு அது மலேசியத் தமிழ் இசையின் உச்சம். "இன்னிக்கு வரைக்கும் அதத் தாண்டி ஒண்ணும் வரல" என்றான். அந்தத் தொகுப்பு வந்தபோது கைக்குழந்தையாக இருந்த என் மகன் விடவில்லை. "மொதல்ல வந்துச்சு, அதுக்கு மரியாத குடுக்கலாம் சித்தப்பா. ஆனா இப்ப உள்ளவங்க அதவிட நல்லா எழுதுறாங்க. நீங்க பாட்டக் கேக்கல, உங்க இருவது வயசக் கேக்குறீங்க."

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. என்னிடம் திரும்பினான். "நீங்க சொல்லுங்கண்ணே."

நான் அவன் பக்கம் நின்றேன். "வந்தப்பவே எனக்குத் தெரியும்டா, இது நிக்கும்னு" என்றேன். அது பொய். சின்னப் பொய்தான். ஆனாலும் அன்றிரவு அது என்னைத் தூங்கவிடவில்லை.

யோகி பி 1990களில் 'பொயட்டிக் எம்மோ' குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ராப் பாடியவர். பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் சேர்ந்து தமிழ்ச் சொல்லிசைக்கு வந்தார். 'வல்லவ'னில் எல்லார் காதிலும் விழுந்த பாட்டு 'மடை திறந்து'. 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா இசையமைத்து எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாடலை எடுத்து, அதன்மேல் தங்கள் வரிகளை ஏற்றியிருந்தார்கள்.

எனக்கு ராஜா என்றால் உயிர். தம்பி காடியில் அந்தப் பாட்டைப் போட்டபோது, "அடைடா இந்தச் சத்தத்த, ராஜா பாட்ட நாசம் பண்ணிட்டானுங்க" என்றேன். அவன் அடைத்தான். கிள்ளானிலிருந்து பத்துமலை வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு அந்தப் பாட்டு கடல் தாண்டியது. 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. தமிழகத்திலிருந்து வந்த நண்பர்கள் "உங்க ஊர்க்காரங்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் எனக்கு 'நம்ம பையனுங்க' ஆகிவிட்டார்கள். பாட்டில் ஒரு சொல்லும் மாறியிருக்கவில்லை. சென்னையின் முத்திரை மட்டும் புதிதாக விழுந்திருந்தது.

அப்படியானால், என் இரண்டாவது தீர்ப்பை ஒரு தீர்ப்பு என்று சொல்ல முடியுமா?

ரசனைக்கு அளவுகோல் உண்டா என்ற கேள்வியை டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் எடுத்துக்கொள்கிறார். ரசனை ஆளுக்கு ஆள் மாறும், ஆனாலும் எல்லார் தீர்ப்பும் சமமாகிவிடாது என்பது அவர் கட்சி. நல்ல ரசிகருக்கு நுட்பமான உணர்வும் பயிற்சியும் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவமும் வேண்டும், முன்முடிவு கூடாது. செல்வாக்கு ஒரு மட்டமான கவிஞனைக் கொஞ்ச காலம் தூக்கிப் பிடிக்கலாம், நெடுங்காலத்துக்கு முடியாது என்கிறார். ஏதென்ஸிலும் ரோமிலும் ரசிக்கப்பட்ட ஹோமர் ஈராயிரம் ஆண்டுகள் கழித்துப் பாரிஸிலும் லண்டனிலும் ரசிக்கப்படுவதை உதாரணம் காட்டுகிறார்.

இந்த அளவுகோலில் நான் இரண்டு முறையும் தோற்கிறேன். 2006இல் நான் ஒரு முழு ராப் தொகுப்பைக்கூடக் கேட்டதில்லை. எனக்கு ராஜா பக்தி இருந்தது, பயிற்சி இல்லை. அடுத்த ஆண்டு அந்தப் பக்தியின் இடத்தில் சென்னை வந்து உட்கார்ந்தது. தம்பியோ அப்போதே ராப் கேட்டுக் காது பழகியவன். யார் சொல்லியும் அவன் விரும்பவில்லை. மகன் எங்கள் இருவரையும்விட அதிகம் ஒப்பிட்டுப் பார்த்தவன். ஆனால் 'வல்லவ'னுக்கு முன்பு, நம் பேச்சில் நம் பையன்கள் பாடும் பாட்டுக்காக எப்படி ஏங்கினோம் என்பது அவனுக்குத் தெரிய வழியில்லை.

தம்பி சொன்னது நன்றி. மகன் கேட்டது தரம். இரண்டுக்கும் இடம் உண்டு. ஒன்றை இன்னொன்றாகக் காட்டும்போதுதான் சிக்கல். 'நம்ம ஆளு' என்பதற்காக நாம் தரும் பாராட்டு பள்ளிக்கூடத்துக் கருணை மதிப்பெண் மாதிரி. நம் நாவல்களுக்கும் கவிதைகளுக்கும் இதையே செய்கிறோம். வாங்கியவருக்கும் அது தெரியும்.

காலம் தீர்ப்பு சொல்லட்டும் என்று ஒதுங்கிவிடலாமா? பாக் 1750இல் இறந்தார். அவருடைய 'மத்தேயு பாஸியன்' பொதுமக்கள் காதில் ஏறக்குறைய விழாமலே கிடந்தது. 1829இல் இருபது வயது மெண்டல்சன் பெர்லினில் அதை மேடையேற்றினார். சிலர் பிரதிகளைக் காத்து வைத்திருந்தார்கள், ஓர் இளைஞன் பிடிவாதம் பிடித்தான். காலம் செய்தது என்று நாம் சொல்வதெல்லாம் இப்படிச் சிலர் செய்ததுதான். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்தும் ஒரு தொகுப்புக்காக முறுக்கை மறந்து சண்டை போடுகிற இரண்டு பேர் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். மாற்றுக்கருத்து சொன்ன என் மகனுக்கும் அதில் பங்குண்டு.

என் பொய் அதற்கு எதிரான வேலை. 'ஆரம்பத்திலேயே எல்லாரும் கொண்டாடினோம்' என்று என்னைப் போன்றவர்கள் சொல்லிச் சொல்லி, அவர்கள் கேட்ட ஏச்சு வரலாற்றில் இல்லாமல் போகிறது. அந்த மூவரும் எதைத் தாண்டி வந்தார்கள் என்பதும் மறைகிறது. யாரும் சொல்லாமலே விரும்பிய தம்பியின் காதுக்குரிய பெருமையிலும் நான் பங்கு கேட்டுவிட்டேன். அதோடு, என் கோபத்துக்குள் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது: ராஜாவின் மெட்டில் ஏறி நிற்கும் பாட்டில் ராஜாவுக்கு எவ்வளவு, இவர்களுக்கு எவ்வளவு? சென்னை கைதட்டியதும் அந்தக் கேள்வியை நானே புதைத்துவிட்டேன்.

அண்மையில் தொகுப்பு முழுவதையும் தனியாக உட்கார்ந்து கேட்டேன். மூலப் பாடல், இசையமைப்பாளனாகக் கனவு காணும் ஓர் இளைஞனுடையது. வாய்ப்புக்குக் காத்திருந்த மூன்று மலேசியத் தமிழர்கள் அந்தக் கனவுக்குள் நுழைந்ததை இப்போது நாசம் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் தற்பெருமை அலுக்கிறது. அது சொல்லிசையின் மரபு என்கிறான் மகன். இருக்கலாம். எனக்கு அலுக்கிறது.

தம்பிக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். சிரித்தான்.

"எனக்குத் தெரியாதாண்ணே? காடியில அடைக்கச் சொன்னதே நீங்கதான?" கொஞ்சம் நிறுத்திக் கேட்டான்: "இப்பவாச்சும் உண்மையிலேயே புடிச்சிருக்கா, இல்ல எனக்காகச் சொல்றீங்களா?"

"மடை திறந்து புடிச்சிருக்கு. மத்ததப் பத்திப் பேசணும்டா."

"அப்ப வாங்க, பேசுவோம். அவனையும் கூட்டிட்டு வாங்க."