எத்தனை பேர் சொன்னால் உண்மை?

எல்லா நாட்டு மக்களும் தெய்வத்தை நம்புகிறார்கள், ஆகவே தெய்வம் உண்டு என்பது மிகப் பழைய வாதம். கி.மு. 45 அளவில் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ எழுதிய ‘தெய்வங்களின் இயல்பு’ நூலிலேயே அது விவாதிக்கப்படுகிறது. பலர் ஒத்துச் சொல்வது எப்போது சான்றாகும்? இதற்குத் தெளிவான விடை ரேடியோ வானியலில் இருக்கிறது. நெதர்லாந்தின் எக்ஸ்லோ அருகே மையம்கொண்ட லோஃபார் தொலைநோக்கி, ஆயிரக்கணக்கான சிறு ஆன்டெனாக்களின் தொகுதி. வான்பொருள்களின் சமிக்ஞை ஆன்டெனாவின் இரைச்சலைவிடப் பெரும்பாலும் மிக மெலிந்தது. தனி ஆன்டெனா ஒன்றின் சொல்லை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

இரண்டு ஆன்டெனாக்களின் பதிவுகளைப் பெருக்கி நெடுநேரம் சராசரி எடுத்தால், வானிலிருந்து இரண்டுக்கும் பொதுவாக வந்தது தங்கும். அந்தந்த ஆம்ப்ளிஃபையரில் பிறந்த இரைச்சல் பூஜ்யத்தை நெருங்கும். 9 ஆன்டெனாக்கள் என்றால் 36 ஜோடிகள். இந்தப் பெருக்கங்களை 9-க்கு 9 அட்டவணையாக எழுதும்போது, ஆன்டெனா தன்னையே பெருக்கிக்கொள்ளும் மூலைவிட்டக் கட்டங்களில்தான் இரைச்சல் தங்குகிறது. எல்லா ஆன்டெனாக்களின் இரைச்சலும் சம அளவு என்று வைத்துக்கொள்வது வழக்கமான முறை. ஓர் ஆம்ப்ளிஃபையர் மட்டும் மற்றவற்றைவிட இரைந்தால் அந்தக் கணக்கு சாய்ந்து, கணிக்கும் மூலங்களின் திசைகள் பிசகிவிடும். காரணிப் பகுப்பாய்வு என்னும் புள்ளியியல் முறை அப்படிச் சமன்செய்வதில்லை. ஒவ்வொரு ஆன்டெனாவின் இரைச்சலையும் தனித்தனி அறியா எண்ணாக ஏற்று, பொதுவானதையும் தனியானதையும் சேர்த்தே கணிக்கிறது. இதற்கு விலை உண்டு. சம இரைச்சல் என்று கொண்டால் 9 ஆன்டெனாக்கள் 8 மூலங்கள் வரை பிரித்துக்காட்டும்; காரணிப் பகுப்பாய்வில் பொதுவாக 6 வரைதான். சாட்சிகளின் குறையை ஒப்புக்கொண்டால் குறைவாகத்தான் தெரியும். ஆனால் தெரிவதை நம்பலாம்.

இப்படிப் பிரித்தெடுக்கும் பொதுக்காரணி என்பதே கணக்கின் கற்பனையாக இருக்கலாமே என்று கேட்கலாம். 1904-இல் உளவியலாளர் ஸ்பியர்மன் மாணவர்களின் மதிப்பெண்கள் ஒத்தசைவதைக் கண்டு ‘பொது அறிவுத்திறன்’ ஒன்று உண்டென்றார். அப்படி ஒன்று இல்லாமலேயே அதே ஒத்தசைவு தோன்றும் என்று 1916-இல் காட்ஃப்ரி தாம்சன் காட்டினார். உளவியலில் இந்த மறுப்புக்கு வலு உண்டு. ஆன்டெனாத் தொகுதியில் நிலைமை வேறு. ஆன்டெனாக்கள் நிற்கும் இடம் தெரியும். ஒரு திசையிலிருந்து வரும் அலை எந்த ஆன்டெனாவை எவ்வளவு பிந்தித் தொடும் என்பதும் தெரியும். இந்த வெளிச்சோதனையில் தேறாத காரணியைத் தள்ளிவிடலாம்.

இன்னொரு மறுப்பு கனமானது. இரைச்சல்கள் தனித்தனி என்பதற்கு என்ன உறுதி? நெருங்கி நிற்கும் ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று பாதிக்கும். அப்போது இந்த முறையும் பொதுப்பிழையை மூலமாக எண்ணிவிடும். அதனால்தான் எந்தெந்த ஜோடிகளின் இரைச்சலில் தொடர்பு இருக்கலாம் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும்படி முறையை விரித்திருக்கிறார்கள். இந்த மறுப்பு முறையை வீழ்த்தவில்லை. அதன் நிபந்தனையைச் சொல்கிறது. தனித்தனியாகத் தவறக்கூடியவர்கள் ஒத்துச் சொன்னால்தான் அது சான்று.

தெய்வ நம்பிக்கை பற்றிய வாதம் இந்த நிபந்தனையை நிறைவேற்றவில்லை. ஒரே அச்சமும் ஒரே ஆசையும் எல்லா மனிதருக்கும் உண்டு. நம்பிக்கைகள் வணிகரோடும் படையோடும் நாடுவிட்டு நாடு போயிருக்கின்றன. தெய்வம் இல்லை என்று இதனால் நிறுவப்படவில்லை. தலையை எண்ணித் தெய்வம் உண்டென்று நிறுவ முடியாது என்பது மட்டுமே தீர்ப்பு. நம்புவோரும் மறுப்போரும் ஆள்பலம் காட்டுவதை விட்டு, தங்கள் தரப்பில் எத்தனை பேர் பிறர் சொல் கேளாமல் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று விசாரிக்கட்டும்.