நேற்றைய மாலை

அம்மா காலமாகி இரண்டு ஆண்டுகள் வரை அவரது பீரோவை நான் திறக்கவே இல்லை. 'அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று பெருமையாகச் சொல்லி வந்தேன். ஒரு நாள் வீட்டு வரி ரசீதைத் தேடித் திறந்தால்... பட்டுப் புடவைகளில் மூன்று, மடிப்புக்கு மடிப்பு இற்றுப் போயிருந்தன. யாருக்காவது கொடுத்திருந்தால், ஆசையாகக் கட்டியிருப்பார்களே!

கொடுத்தால் அம்மாவை மறந்ததாகிவிடுமோ என்று பயந்திருக்கிறேன். பொருளை ஒதுக்குவது, அதற்கு உரியவரையே ஒதுக்குவது ஆகுமா? சீர்வரிசையில் வந்த பாத்திரம், ஓடாத கடிகாரம் என நம் வீடுகள் நிரம்பி வழிவதற்கு, பெரும்பாலும் இந்தத் தயக்கமே காரணம்.

இதற்கான பதில் கோயிலில் அன்றாடம் கிடைக்கிறது. காலையில் நடை திறந்ததும் நிர்மால்யம் களைவார்கள். முந்தைய நாள் சாற்றிய மாலைகளையும் பூக்களையும் அகற்றிய பிறகே அபிஷேகம். அவற்றில், யாரோ ஒரு தாய் கண்ணீரோடு வேண்டிக்கொண்டு கொடுத்த மாலையும் இருக்கலாம். அதற்காக, வாடிய மாலையை சுவாமியின் தோளிலேயே விட்டுவைப்பதில்லை. அவளது அன்புதான் நேற்றே சேர்ந்துவிட்டதே!

களைந்ததைக் குப்பையாகவும் கருதுவதில்லை. சிவாலயங்களில் நிர்மால்யத்துக்கு உரியவர் சண்டிகேஸ்வரர். குருவாயூரிலோ, நிர்மால்ய தரிசனத்துக்காக அதிகாலை 3 மணிக்கே பக்தர்கள் காத்திருக்கிறார்கள். ஆக, மரியாதையுடன் விடை கொடுப்பதும் வழிபாட்டில் ஓர் அங்கம்தான்.

திருநாவுக்கரசர், உழவாரத்தால் கோயில் வளாகங்களைச் சீர்செய்வதையே தொண்டாகக் கொண்டவர். திருப்புகலூரில் அவர் பணி செய்த இடத்தில், பொன்னும் நவமணிகளும் கிடக்கும்படி செய்தாராம் இறைவன். அப்பர் பெருமானோ, அவற்றையும் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். 'இது என்ன விலை பெறும்?' என்று அவர் பார்க்கவில்லை. 'இது இங்கே கிடக்கலாமா?' என்று மட்டுமே பார்த்தார்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். செதுக்கிய புல் மறுபடி முளைக்கும். அதனால்தான் முதுமையிலும் அவர் கையில் உழவாரம் இருந்தது. நாமோ, போகியன்று வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு, அடுத்த போகி வரை சேர்த்துக்கொண்டே போகிறோம். ஒரே நாள் வேகத்தில் வீடும் மாறாது, மனமும் மாறாது. மாலையில் விளக்கேற்றும் முன், தினமும் ஏதாவது ஓர் இடத்தை மட்டும் ஒழுங்கு செய்வோம். ஓர் இழுப்பறை போதும். இருக்க வேண்டியது இருக்கட்டும். பிறருக்கு உதவுவது, உரியவரிடம் போகட்டும்.

அம்மாவின் நல்ல புடவைகளை உறவுக்காரப் பெண்களுக்குக் கொடுத்தேன். சில மாதங்கள் கழித்து ஒரு கல்யாணத்தில், பந்தி பரிமாறிக்கொண்டு என்னைக் கடந்து போனது, அம்மாவின் அரக்குப் புடவை. பீரோவுக்குள் இரண்டு வருடங்களாகப் பூட்டி வைத்திருந்த அம்மாவை, அன்றுதான் மறுபடி பார்த்தேன்!