நலம் பெற்றவர் யார்?

‘குணமாகி வீடு திரும்பினார்’ என்னும் தொடரை 2020, 2021ஆம் ஆண்டுகளில் நாம் நாள்தோறும் நாளேடுகளில் படித்தோம். இறந்தோரின் எண்ணிக்கை கண்டு கலங்கிய நமக்கு, வீடு திரும்பியோரின் எண்ணிக்கை ஆறுதலாய் இருந்தது. ஆயினும் அத்தொடரில் இரு வேறு செய்திகள் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டிருந்ததை நாம் கருதிப் பார்க்கவில்லை. வீடு திரும்புதல் ஒரே நாளில் முடிவது, குணமடைதல் அத்தகையதன்று.

சீனாவின் வூகான் நகரில், ஜின்யின்டான் மருத்துவமனையிலிருந்து 2020 ஜனவரி முதல் மே வரை வீடு திரும்பிய கோவிட் நோயாளர் 1,192 பேரை மருத்துவர்கள் ஈராண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஆறு மாதங்கள் கழிந்தபோது, 68 விழுக்காட்டினரிடம் நோயின் எச்சம் ஒன்றேனும் இருந்தது. ஈராண்டுகள் கழிந்த பின்னும் 55 விழுக்காட்டினரை அது விட்டபாடில்லை. களைப்பும் தசைத் தளர்ச்சியுமே அவற்றுள் முதன்மையானவை. பிரிட்டனில் நடந்த ஆய்வும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. மருத்துவமனையில் தங்கி மீண்டோரில், ஓராண்டுக்குப் பின் ‘முழு நலம் பெற்றேன்’ என்று உணர்ந்தோர் மூவரில் ஒருவருக்கும் குறைவே.

வூகான் ஆய்வு மற்றொன்றையும் கூறுகிறது. நோய்க்கு முன் பணியில் இருந்தோரில் 89 விழுக்காட்டினர் ஈராண்டுகளில் தம் பழைய பணிக்குத் திரும்பிவிட்டனர். இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேலைக்குத் திரும்பியோர் எல்லாரும் நலம் பெற்றோர் என்று கொள்வதற்கில்லை. குடும்பம் நடந்தாக வேண்டுமே என்று எழுந்து சென்றோரும் அவர்களுள் இருப்பர். நாமோ அவர்கள் வேலைக்குச் செல்வதையே நலத்துக்குச் சான்றாகக் கொள்கிறோம்.

மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிடும் ஒருவரைப் பார்த்து, ‘மனத்திடம் வேண்டும்; முயன்றால் முடியாதா?’ என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் உடலுக்கும் ஒரு கணக்கு உண்டு. தீவிர சிகிச்சை பெறும் நோயாளரிடம் பத்தே நாள்களில் தொடைத் தசையின் பருமன் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் குறைவதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. நாள் கணக்கில் இழந்ததை மாதக் கணக்கில்தான் மீட்க இயலும். பலருக்குச் சிறுகச் சிறுகக் கூட்டும் பயிற்சி துணை செய்யும். வேறு சிலருக்கோ, இன்றைய மிகை உழைப்பு நாளைய படுக்கையாகிவிடும். இத்தகையோர் தம் ஆற்றலை அளந்து செலவிட வேண்டியவர்கள். இவர்களிடம் ஓய்வே ஒழுக்கம். வீம்பான முயற்சி தமக்குத் தாமே இழைக்கும் தீங்கு. ஆகவே முயற்சி எப்போதும் நற்பண்பு, ஓய்வு எப்போதும் குறை என்னும் நம் எளிய தீர்ப்பு இங்கே பொருந்தாது.

‘நோயைச் சாக்காகக் கொண்டு சோம்பியிருப்போரும் உண்டே, அவர்களை எவ்வாறு இனங்காண்பது?’ எனக் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சில வேளைகளில் மார்புப் படமும் குருதிச் சோதனையும் இயல்பாய் இருக்க, களைப்பு மட்டும் நீடிக்கும். அப்போது நோயுற்றவரின் சொல்லைத் தவிர வேறு சான்று இராது. அச்சொல்லை நம்பி நாம் ஏமாந்தால், இழப்பது சில நாள் உழைப்பு. நம்ப மறுத்துத் தவறினால், துன்புறும் ஒருவரைப் பொய்யர் என்று தீர்ப்பிட்டவர் ஆவோம். முதல் தவற்றைப் பின்னர் ஈடுசெய்யலாம். இரண்டாவதை எதைக் கொண்டு ஈடுசெய்வோம்?

அவர்கள் நம்மிடம் கேட்பது இரக்கமன்று, காலம். வேலை தருவோர் சில மாதங்களுக்குப் பணிச்சுமையைக் குறைத்துத் தரலாம். வீட்டார் பழைய வேகத்தை எதிர்பாராதிருக்கலாம். ‘இன்னுமா சரியாகவில்லை?’ என்று கேட்கும் நாம், ‘இன்று எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது?’ என்று கேட்கலாம். முதற்கேள்வி கணக்குக் கேட்கிறது. இரண்டாவது கூட நடக்கிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் கொரோனா நெருக்கடி நிலை முடிவுற்றதாக அறிவித்தது. நாமும் அதை மறந்து நம் வழியே வந்துவிட்டோம். அன்று மருத்துவமனை வாயிலில் கைதட்டி அனுப்பப்பட்டவர்களுள் சிலர் இன்னும் வந்து சேரவில்லை. வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள்; எனினும் வழியில் இருக்கிறார்கள். அவர்கள் வந்து சேரும்வரை காத்திருப்பது நம் கடன்.