விலை எழுதாத விருந்து

மும்பை அப்போலோ பந்தர் கடற்கரையில், ஜாம்ஷெட்ஜி டாடா 1903-ஆம் ஆண்டு திறந்த தாஜ்மஹால் ஹோட்டல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அதனுள் 1980-களின் இறுதியில் ‘ஜோடியாக் கிரில்’ என்றோர் உணவகம் தொடங்கப்பெற்றது. வெண்கையுறை அணிந்த பணியாளர்கள் பழைய ஐரோப்பிய முறைப்படி விருந்து பரிமாறிய இடம் அது. பின்னாளில் அது மூடப்பட்டுவிட்டது. ஆயினும் தொடக்க காலத்தில் அங்கு இருந்த ஒரு வழக்கம் சிந்திக்கத் தக்கது. உணவுப் பட்டியலில் விலையே இராது! உண்ட உணவுக்கு எவ்வளவு தகும் என்பதை விருந்தினரே தீர்மானித்துக் கொடுக்கலாம்.

பட்டியலில் விலை இருந்தால் கவலையில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம். விலை எழுதப்படாதபோதுதான், ‘நான் உண்டதன் மதிப்பு என்ன?’ என்ற கேள்வி மனிதனின் உள்ளத்தில் எழுகிறது.

தாணேயில் வாழும் ஒரு குடும்பம், பெரியவரின் அறுபதாண்டு நிறைவுக்காக அத்தகையதோர் உயர்தர உணவகத்துக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1853-இல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய அதே தாணே மார்க்கத்தில்தான் அவர்களது மின்ரயிலும் செல்லும். சயான் நிலையத்தைக் கடக்கும்போது ஒரு பக்கம் தாராவி விரிந்து கிடக்கும். விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, அதைத் தலையில் சுமந்து நகரெங்கும் விற்று வரும் தமிழர்கள் வாழும் இடம் அது. அடுத்து மாதுங்கா வரும். அங்கே ராம நாயக் 1942-இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங்கில் இன்றும் வாழையிலையில் வயிறார உணவு பரிமாறப்படுகிறது. தாராவி இட்லி, மாதுங்கா இலைச் சாப்பாடு, கடற்கரை விருந்து ஆகிய மூன்றின் விலைகளுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! ஆனால் மூன்றையும் விளைவித்தது ஒரே மழை, ஒரே மண், உழவனின் ஒரே வியர்வை.

கொடுக்கும் பணம் வணிகருக்கும் சமையற்காரருக்கும் போய்ச் சேர்கிறது. மழைக்கு யார் விலை கொடுத்தார்கள்? சேற்றில் குனிந்து நாற்று நட்டவளின் முதுகுவலிக்கு எந்தப் பட்டியலில் கணக்கு இருக்கிறது? இதனால்தான் பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம், பெற்றதைத் திருப்பித் தராமல் அனுபவிப்பவனைத் திருடன் என்றே கூறுகிறது. தனக்காக மட்டும் சமைப்பவன் பாவத்தையே உண்கிறான் என்றும் எச்சரிக்கிறது. ஆக, நாள்தோறும் வீட்டில் உண்ணும் உணவும் விலை எழுதாத விருந்துதான்.

அப்படியானால் விருந்தின் உண்மையான மதிப்பை அளப்பது எப்படி? மகாபாரதத்தின் அசுவமேதிக பர்வத்தில் ஒரு கீரிப்பிள்ளை இதற்கு விடை சொல்கிறது. தருமபுத்திரரின் அசுவமேத யாகத்தில் உணவு மலைமலையாகக் குவிந்தது. எல்லோரும் புகழ்ந்துகொண்டிருக்கையில், பாதி உடல் பொன்னாக மின்னிய கீரி ஒன்று அங்கு வந்து, இந்த யாகம் ஒரு படி மாவுக்கு ஈடாகாது என்றது. பஞ்ச காலத்தில், குருக்ஷேத்திரத்தில் சிந்திய தானியங்களைப் பொறுக்கி வாழ்ந்த ஓர் அந்தணர், பல நாள் பட்டினிக்குப் பின் கிடைத்த சிறிது மாவைக் குடும்பத்துடன் உண்ண அமர்ந்தார். அவ்வேளை பசியோடு ஒரு விருந்தினர் வந்தார். அந்தணர், மனைவி, மகன், மருமகள் என நால்வரும் ஒருவர்பின் ஒருவராகத் தம் பங்கை அவருக்கு அளித்தனர். அங்கே சிந்திய மாவில் புரண்டபோதுதான் கீரியின் பாதி உடல் பொன்னாயிற்று. மறுபாதியும் பொன்னாகும் என நம்பி யாகசாலைக்கு வந்து புரண்டது. ஒரு மயிரிழைகூட நிறம் மாறவில்லை!

இதனால், சிறப்பான விருந்து உண்பதே தவறு என்று கொள்ளலாகாது. பெற்றோரை மகிழ்விக்க மக்கள் அளிக்கும் விருந்தில் அன்பு இருக்கிறது. ஹஸ்தினாபுரத்தில் துரியோதனனின் உபசாரத்தை மறுத்த கண்ணன், விதுரர் இல்லத்து உணவை ஏற்றான். அவன் மறுத்தது அறுசுவையை அன்று, அன்பின்மையையே. ‘பணம் கொடுத்தேன், என் உரிமை’ என்று எண்ணித் தட்டில் பாதியை மிச்சம் வைத்து எழுகிறோமே, அங்கேதான் பிழை நேர்கிறது.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. உணவகங்கள் போன்ற இடங்களின் பங்கு 28 விழுக்காடே. எனவே குற்றத்தை ஆடம்பர உணவகங்களின்மீது மட்டும் சுமத்திவிட முடியாது. நம் வீட்டுச் சமையலறையும் பதில் சொல்ல வேண்டும்.

வழி காட்டியவர்களும் உண்டு. தாணேயிலும் மும்பையிலும் காவல் ஆணையராகப் பணியாற்றியவர் தமிழரான திரு. டி. சிவானந்தன். பணி ஓய்வுக்குப் பின் அவர் தொடங்கிய ‘ரொட்டி வங்கி’, உணவகங்களிலும் விழாக்களிலும் மிஞ்சும் நல்ல உணவை அது கெடுமுன் பெற்று, பசித்தவர்களிடம் சேர்க்கும் பணியை மேற்கொண்டது. விருந்து மண்டபத்துக்கும் குடிசைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வண்டி ஓடும் தூரந்தான் என்பதை அது உணர்த்தியது.

அடுத்த முறை இலையின் முன்னோ மேசையின் முன்னோ அமரும்போது ஒரு கணம் கண்மூடி, இந்தக் கவளத்தை நம்மிடம் சேர்த்த முகமறியாத கைகளை நினைப்போம். வேண்டிய அளவே பெற்று, பெற்றதை முழுதும் உண்போம். எழுமுன், பசித்த ஒருவருக்கான பங்கை மனத்தில் ஒதுக்கி, மறுநாளே அதை அவரிடம் சேர்ப்போம். பட்டியலில் எழுதப்படாத விலை அதுவே. அதைச் செலுத்துபவரின் வீட்டில் ஒரு பிடி மாவும் கீரியைப் பொன்னாக்கும்.