பிள்ளைப் பேறும் தகப்பனின் தராசும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அல்லாஹு தஆலா அடியானுக்கு அருளும் நிஃமத்துகளில் பிள்ளைப் பேறு மிகப் பெரியது. முதற்பிள்ளை பிறந்தால் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்து மகிழ்கிறோம். நாலாவது, ஐந்தாவது என்று வரும்போதோ, "இன்னும் ஒரு வயிறா?" என்று பெருமூச்சு விடுகிறோம். அதுவும் பெண்ணாகிவிட்டால், விசாரிக்க வருகிறவரே துக்கம் கேட்பவர் போலத் தலையைத் தொங்கப் போடுகிறார். இது முஃமினுக்கு அழகா என்று சற்றே சிந்திப்போம்.

வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று திருமறை இரண்டு இடங்களில் தடுக்கிறது. அன்ஆம் சூராவில், ஏற்கெனவே வறுமையில் கிடப்பவனை நோக்கி, முதலில் பெற்றோருக்கும் பிறகு பிள்ளைகளுக்கும் ரிஸ்க்கை வாக்களிக்கிறான் இறைவன். பனீ இஸ்ராயீல் சூராவில், இனி வறுமை வருமோ என்று பயப்படுகிறவனிடம் பிள்ளைகளின் ரிஸ்க்கையே முன்னால் சொல்லுகிறான். பிறக்கும் பிள்ளை நம் கணக்கில் பற்று எழுத வருவதில்லை. தன் வரவைத் தன்னுடனேயே கொண்டு வருகிறது.

பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுப்பது ஜாஹிலிய்யாக் காலத்து அறபிகளின் வழக்கம். அதை நஹ்ல் சூரா கண்டிக்கிறது. நாயகம் (ஸல்) அவர்களின் ஆண்மக்கள் இளமையிலேயே மறைந்தார்கள். அவர்களின் வமிசம் பாத்திமா நாயகி (ரலி) அவர்கள் வழியாகவே தழைத்தது. மகள் ஜைனப் (ரலி) பெற்ற உமாமா என்ற பெண் குழந்தையைத் தோளில் சுமந்தபடியே நாயகம் அவர்கள் தொழுதிருக்கிறார்கள். சுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைப்பார்கள். எழும்போது தூக்கிக் கொள்வார்கள். தொழுகையிலேயே பெண் குழந்தைக்கு இடம் இருந்தது என்றால் நம் வீட்டில் இடமில்லாமற் போகுமா?

பிள்ளைகள் பெருகும்போது தகப்பனுக்கு வேண்டியது நீதி. பஷீர் (ரலி) என்ற ஸஹாபி தம் மகன் நுஃமானுக்கு ஓர் அன்பளிப்புக் கொடுத்து, அதற்கு நாயகம் அவர்களைச் சாட்சியாக்க வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோலக் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். கடையிலே நிறுவை குறையக் கூடாது என்று பயப்படும் நாம், வீட்டுத் தராசையும் பார்க்க வேண்டாமா? புதுப்பிள்ளை வந்ததென்று மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தொட்டிலாட்ட வைப்பது குறைந்த நிறுவையே. நேற்றுவரை மடியில் இருந்த பிள்ளையை இன்று விரட்டுவதும் அப்படியே. பிள்ளை பெற்றவளின் உணவும் உடையும் தகப்பன் பொறுப்பு என்று பகரா சூரா விதித்திருப்பதையும் மறக்கலாகாது.

பேரனை முத்தமிட்ட நாயகம் அவர்களைப் பார்த்து, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார் அக்ரஃ என்பவர். இரக்கம் காட்டாதவனுக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

நம் மூத்தவர்கள் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தார்கள். ஊரில் பிள்ளை பிறந்த செய்தி தபாலில் வரும். பெயரும் தபாலிலேயே போகும். சில வருடம் கழித்து ஊர் போனால், "இவர் யார்?" என்று பிள்ளை தாயின் முந்தானைக்குள் ஒளியும். ரஜுலா 1970-களில் நின்றுபோயிற்று. இன்று குடும்பம் நம்மோடுதான் இருக்கிறது. ஆனாலும் பிள்ளை எழுமுன் கடை திறந்து, உறங்கிய பின் வீடு திரும்பினால், அது கப்பல் ஏறாமலே வந்த பிரிவல்லவா? நாளுக்கு ஒரு நாழிகை கதவைச் சாத்தினால் பர்க்கத் குறைந்துவிடாது.

பிறந்ததும் காதில் பாங்கு சொல்லி, பேரீச்சம் பழத்தை மென்று நாவில் தடவுவோம். ஏழாம் நாள் நல்ல பெயரிட்டு, முடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளியைச் சதகா செய்வோம். அகீகா ஆண்பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண்பிள்ளைக்கு ஒன்று. வசதியில்லாதவர் மீது குற்றமில்லை. கடன் வாங்கிப் பந்தல் போடுவது சுன்னத்து அன்று.

இன்னொன்று. பிறந்த 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தோட்டங்களில் இருந்து நம் கடைகளுக்கு வரும் ஏழைகள் பலர். நாடெங்கும் தோட்டங்களில், பெற்றோரின் திருமணமோ பிள்ளையின் பிறப்போ பதியப்படாததால், பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இல்லாமல் பள்ளிக்கும் வேலைக்கும் தட்டழிந்தவர்கள் உண்டு. இதற்காகவே 2011-ல் மைடஃப்தார் என்ற சிறப்பு இயக்கம் நடந்தது. ஆகவே புதுப்பிள்ளைக்குப் பால்மாவு வாங்க வருகிறவரிடம், எந்த மதத்தவராயினும், "பத்திரம் எடுத்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். பாரம் எழுதத் தெரியாதவருக்கு எழுதியும் கொடுப்போம். அதுவும் சதகாவே.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! அவர்களிடையே நீதியாக நடக்கும் தகப்பன்மாராக எங்களையும் ஆக்குவாயாக! ஆமீன்.