கறவையின் அறம்

ஊனுணவை விலக்கிய சமயங்கள் பாலை ஏன் விலக்கவில்லை என்பது இந்திய அறச்சிந்தனையின் பழைய வினாக்களுள் ஒன்று. பால் விலங்கின் உடலிலிருந்து வருவது. அதுவும் கன்றுக்கென்றே சுரப்பது. ஆயினும் கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணம் உட்பட இந்நாட்டுச் சமயங்கள் பலவும் பாலையும் நெய்யையும் உணவாக ஏற்றன. சைவமும் வைணவமும் அவற்றை வழிபாட்டுப் பொருளாகவும் கொண்டன. இந்த ஏற்பு நிபந்தனையற்றது அன்று. அந்த நிபந்தனை எது என்பதைத் தெளிந்தால்தான், இன்று கறவை மாடு வளர்ப்போருக்கு அளிக்கப்படும் கல்வி எதைக் கற்பிக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

தமிழ் இலக்கியம் இந்நிபந்தனையைக் கதைகளாகச் சொல்லிவைத்துள்ளது. தாயால் கைவிடப்பட்ட ஆபுத்திரனை ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்ததாகவும், வளர்ந்தபின் அவன் வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசு ஒன்றை விடுவித்து அதற்காக அடிபட்டதாகவும் மணிமேகலை கூறுகிறது. பாலுண்டவன் பசுவுக்குக் கடன்பட்டவன் என்பது இக்கதையின் உட்பொருள். பெரியபுராணம் கூறும் சண்டேசுவரர் வரலாற்றில், சேய்ஞலூர் விசாரசருமர், ஆயன் ஒருவன் பசுவைக் கோலால் அடிப்பதைக் கண்டு பொறாமல் ஊர்ப்பசுக்களை மேய்க்கும் பணியைத் தாமே ஏற்கிறார். அன்புடன் மேய்க்கப்பட்ட பசுக்கள் முன்னிலும் மிகுதியாகப் பால் பொழிந்தன என்றும், தாமாகச் சொரிந்த பாலையே அவர் இறைவனுக்கு ஆட்டினார் என்றும் அவ்வரலாறு அமைகிறது. பறித்துக்கொண்ட பாலுக்கும் பேணியதால் பெருகிய பாலுக்கும் இடையே அறநிலையில் வேறுபாடு உண்டு என்பதை இக்கதை முன்வைக்கிறது.

இந்த வேறுபாட்டை இலக்கணம்போல் வரையறுத்தவர்கள் சமணர்கள். இல்லறத்தார் மேற்கொள்ளும் கொல்லாமை நோன்புக்கு நேரும் குற்றங்கள், அதாவது நோன்பை முற்றிலும் முறிக்காவிடினும் அதைப் பழுதாக்கும் செயல்கள், ஐந்து என உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுசுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. தமிழ்ச் சமண நூலான அருங்கலச்செப்பும் இதே மரபில் நிற்பது. இவ்வைந்தனுள் கொலை இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. கொல்லாதிருப்பதால் மட்டும் ஒருவர் கொல்லாமையைக் காத்தவர் ஆகிவிடார். கன்றின் பங்கைக் கறந்துகொள்பவர், கத்தி எடுக்காவிட்டாலும், ஐந்தாம் குற்றத்துக்கு உள்ளாகிறார்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவைத் தம் வாழ்வில் ஏற்றுச் சோதித்தவர் காந்தி. கல்கத்தாவில் கூடுதல் பால் வேண்டிப் பசுவின் பிறப்புறுப்பில் காற்றை ஊதும் ‘பூக்கா’ என்னும் கொடிய வழக்கம் நிலவுவதை அறிந்த அவர், 1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலைத் துறந்தார். பின்னர்க் கடும் நோயுற்றபோது, தம் நோன்பு பசுவையும் எருமையையும் மட்டுமே கருதியது என்ற வாதத்தை ஏற்று ஆட்டுப்பால் அருந்தினார். சொல் காக்கப்பட்டது, பொருள் கைவிடப்பட்டது என்று தம் வரலாற்றில் அவரே வருந்தியுள்ளார். ஆனால் அவர் துறவோடு நின்றுவிடவில்லை. 1927இல் பெங்களூரிலிருந்த அரசுக் கால்நடை, பாற்பண்ணை நிறுவனத்தில் மாணவராகச் சேர்ந்து மாடு வளர்ப்பு முறைகளைக் கற்றார். இன்று அரியானாவின் கர்னாலில் இயங்கும் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி அதுவே. அறிவியல் துணையில்லாத பக்தி பசுவைக் காக்காது என்பதே இச்செயலில் வெளிப்படும் கொள்கை.

அறியாமையும் ஊறு செய்யும் என்பதற்குச் சீம்பால் தக்க சான்று. மனிதக் குழந்தை பெறுவதுபோல் கன்று தாயின் கருப்பையிலேயே நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெறுவதில்லை. அவை சீம்பாலின் வழியாகவே வருகின்றன, அவற்றை முழுமையாக ஈர்க்கும் ஆற்றலைக் கன்றின் குடல் பிறந்த ஒரு நாளுக்குள் இழந்துவிடுகிறது. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்ட விடலாகாது என்று நம்பிக் காத்திருப்பவர், கொடுமை எண்ணம் சிறிதும் இல்லாமலே கன்றின் சாவுக்கு வழிவகுக்கிறார். 1989இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் சீம்பால் ஊட்டல், மடிநோய்த் தடுப்பு, பசுந்தீவன வளர்ப்பு ஆகியவற்றைக் கற்பிக்கும்போது, பெயர் சொல்லாமலே அறத்தையும் கற்பிக்கின்றன. பூக்காவையும், பால் சுரப்பைக் கூட்ட உடல்நலத்துக்குக் கேடான பொருள்களை ஊசிவழி செலுத்துவதையும் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு குற்றமாக்கியிருப்பதும் அவ்வறத்தின் சட்ட வடிவமே.

ஆனால் அறிவும் அறமும் எப்போதும் ஒரே வழியில் செல்வதில்லை. 1998 முதல் பால் உற்பத்தியில் உலகின் முதலிடத்தில் உள்ள இந்தியா, 2023–24இல் ஏறத்தாழ 23.9 கோடி டன் பாலைத் தந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கிவரும் நிலையில் இனி வளர்ச்சி என்பது மாடுகளின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு மாட்டின் கறவையையே பெரிதும் சார்ந்தது. மாடு கன்று ஈன்றால்தான் பால் கறக்கும். ஈனும் கன்றுகளில் பாதி காளைக்கன்றுகள். உழவையும் வண்டியையும் டிராக்டர் எடுத்துக்கொண்டபின் அவற்றுக்கு வேலையில்லை. 2012க்கும் 2019க்கும் இடையே பெண் மாடுகள் சுமார் 18 விழுக்காடு கூடின, ஆண் மாடுகள் சுமார் 30 விழுக்காடு குறைந்தன என்று கால்நடைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. பாலைத் தூயது எனக் கொள்ளும் சமூகம், அதன் உடன்பிறப்பான இந்தக் குறைவைப் பற்றிப் பேசுவதில்லை.

பாலினம் பிரித்த உறைவிந்தைச் சினை ஊசியாகப் போட்டால் பிறப்பவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காடு கிடேரிக்கன்றுகளாகவே இருக்கும் என்பதால், இச்சிக்கல் தீர்ந்தது என்போர் உண்டு. பிறந்து பசியால் மடியும் கன்றைக் காட்டிலும் பிறவாத கன்று துன்பம் அறியாதது என்ற அளவில் அக்கூற்று ஏற்கத்தக்கதே. ஆயினும் பயன்படும் உயிர் மட்டுமே பிறக்கத் தகுந்தது என்னும் எண்ணத்துக்கு அது இடந்தருகிறது. இருபது ஆண்டுகள்வரை வாழக்கூடிய பசு கறவை வற்றியபின் என்னாகும் என்பதற்கும் விடை தருவதில்லை. பாலையே துறப்பது முரணற்ற மறுமொழிதான். ஆனால் ஓரிரு மாடுகளை நம்பிப் பிழைக்கும் நிலமற்ற குடும்பங்கள் நிறைந்த நாட்டில், அது தனிமனிதர் நோன்பாகலாமேயன்றிப் பொது விதியாகாது.

எனவே பால் அறத்தோடு பெற்றது ஆவதற்குரிய நிபந்தனைகளாகக் கன்றுக்கு முழுப்பங்கு, கறவைக்கு வலியின்மை, வற்றிய மாட்டுக்கும் காளைக்கன்றுக்கும் பராமரிப்பு என்னும் மூன்றையும் கொள்ளலாம். முதல் இரண்டையும் பயிற்சியால் எய்த முடியும். மூன்றாவதற்குப் பணம் வேண்டும். கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் மட்டும் அளந்து தரப்படும் கொள்முதல் விலையில் அச்செலவு கணக்கில் இல்லை. அதை மாடு வளர்ப்போர் தலையில் மட்டும் சுமத்துவது மிகுசுமை ஏற்றல் என்னும் அதே குற்றமாகும். பாலைப் புனிதம் எனப் போற்றுவோர் அதற்குரிய முழு விலையையும் கொடுக்க முன்வர வேண்டும்.